என்ன ரகம்?

ஆரியசாலையில் சுக்கு, மிளகு, புளி மொத்த வியாபாரம் செய்கிறவருக்குத் தன் உள்ளங்காலைப் பார்க்க நேரம் ஏது? காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் அடைப்பு. நடுவில் லாரி வரும், மூட்டை இறங்கும், கொல்லத்திலிருந்தோ நெடுமங்காட்டிலிருந்தோ வந்த சில்லறை வியாபாரி சுக்கை ஒடித்துப் பார்த்து விலை பேசுவார். கடைக்குள் செருப்புப் போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. லட்சுமி இருக்கும் இடம்.

2022 ஆவணியில் ஒருநாள் கால் கழுவும்போது இடது குதிகாலில் கறுப்பாக ஒரு பொட்டு தென்பட்டது. மிளகு அளவு. புளிக்கறை என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தார். போகவில்லை.

"ஆணியா இருக்கும்" என்றார் மனைவி. அவருக்கும் அப்படித்தான் பட்டது. அறுபத்திரண்டு வயது, நாற்பது வருடம் வெறுங்கால் நடை. ஆணி விழாவிட்டால்தான் ஆச்சரியம். மருந்துக் கடையில் ஆணிப் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார். இரண்டு மாதம் கழித்து ஒரு சிறிய கிளினிக்கில் அதைச் சீவி எடுத்தார்கள். எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். மறுபடி வளர்ந்தது. மறுபடி சீவினார்கள், மறுபடி குப்பைத் தொட்டி. எட்டாவது மாதம் அந்த இடம் புண்ணாகி, கடையின் சிமென்ட் தரையில் ரத்தத்தின் தடம் பதிந்தது. அதை முதலில் பார்த்தவர் மூட்டை தூக்கும் தொழிலாளி.

அடுத்துப் போன பெரிய மருத்துவமனையில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. தோல் புற்றுநோய் என்றார் டாக்டர். கேட்டதும் மகள் கண் கலங்கினாள். அவர் கலங்கவில்லை. நாற்பது வருட வியாபாரி கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்: "என்ன ரகம்?"

மிளகாய் என்று சொன்னால் சாலைக் கம்போளத்தில் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். குண்டா, நீட்டா, காம்பு கிள்ளியதா, எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிய வேண்டும். புற்றுநோய் மட்டும் எப்படி ஒரே பெயரில் இருக்க முடியும் என்பது அவருடைய நியாயம். அந்தப் பெண் டாக்டர் சிரித்துவிட்டாராம். மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார்: "பேடிக்கேண்டா. நல்ல கேள்விதான். ஆனா முழு பதில் என்கிட்ட இல்லை."

முழுதாக இல்லாவிட்டாலும் பாதி பதில் இருக்கத்தான் செய்தது. தோல் புற்றுநோய் என்பது ஒரு நோயல்ல. தோலின் அடியடுக்குச் செல்களில் தோன்றுவது ஒன்று. அது மெதுவாக வளரும், உயிரைக் குடிப்பது அபூர்வம். மேலடுக்குச் செல்களில் தோன்றுவது இன்னொன்று. காஷ்மீரில் குளிருக்காகப் பிரம்புக்கூடையில் நெருப்புச் சட்டியை வைத்து உடம்போடு அணைத்துக்கொள்பவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் வரும் 'காங்ரி' புற்றுநோய் இந்த வகை. இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டி உராய்ந்து உராய்ந்து வரும் புற்றுநோயைப் பற்றி பம்பாயின் வி.ஆர். கனோல்கர் 1945-ல் எழுதினார். மூன்றாவதுதான் மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றுவது. மூன்றில் குறைவாக வருவதும் அதிகம் கொல்வதும் இதுதான். ஆரியசாலைக்காரருக்கு வந்ததும் இதுதான்.

மெலனோமாவுக்குள்ளும் ரகங்கள் உண்டு. 1969-ல் அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் வாலஸ் கிளார்க் அதை மூன்றாகப் பிரித்தார். மறு ஆண்டு அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ, ரகத்தைவிடக் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டினார். இன்றும் எந்த மெலனோமா அறிக்கையிலும் முதலில் பார்க்கப்படுவது மில்லிமீட்டரில் எழுதிய அந்த எண்தான். 1976-ல் ரிச்சர்ட் ரீட் நான்காவது ரகத்தைச் சேர்த்தார். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் வருவது. பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் 1977-ல் கண்டுபிடிக்கப்பட்டது இந்த ரகம்தான். 1981-ல் அவர் இறக்கும்போது வயது 36.

மெலனோமா வெள்ளைத் தோல்காரர்களின் நோய் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. அங்கே காரணம் வெயில். ஆனால் உள்ளங்காலில் வெயில் படுவதில்லை. கறுப்புத் தோல் தரும் பாதுகாப்பும் அங்கே செல்லாது. இந்தியர்களுக்கு மெலனோமா வந்தால் அதிகம் வருவது பாதத்தில்தான். அபூர்வமான நோய், யாரும் பார்க்காத இடம். எட்டு மாதம் ஆணி என்று ஏமாந்தது அவர் மட்டுமல்ல.

அவருடைய குடும்பம் தக்கலைப் பக்கத்திலிருந்து வந்தது. தாத்தா சாலையில் கடை வைத்தபோது தக்கலையும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. "நாங்க இடம் மாறலை, எல்லைதான் மாறிச்சு" என்பார். எல்லை மாறியும் வழி மாறவில்லை. குமரி, நெல்லைக்காரர்கள் பெரிய நோய் என்றால் இன்றும் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். 1981-ல் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தின் வராந்தாவில் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் கேட்பதுண்டு. ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்த எத்தனையோ பேருக்கு அவர் தன் வீட்டில் சோறு போட்டிருக்கிறார். இப்போது அவர் முறை.

அறிக்கையில் ஆழம் 2.4 மில்லிமீட்டர் என்றிருந்தது. நடுத்தரம். இந்த ஆழத்தில் சிலருக்கு அறுவை சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிடும். சிலருக்கு இரண்டு மூன்று வருடத்தில் நுரையீரலிலோ ஈரலிலோ தலைகாட்டும். நுண்ணோக்கியில் இரண்டு பேருடைய கட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். யார் எந்தப் பக்கம் என்று சொல்ல வழி உண்டா? மகள் தேட ஆரம்பித்தாள்.

தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்தவள், பிளஸ் டூ ஆசிரியை. மருத்துவமனையின் ஆங்கிலத்தையும் டாக்டரின் மலையாளத்தையும் அப்பாவின் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை அவளுடையது. ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, 'மரபணு வெளிப்பாடு' என்ற ஒன்றைப் பற்றி விளக்க முயன்றாள். முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முறை கடையிலிருந்து தொடங்கினாள்.

"உடம்புல எல்லாச் செல்லுக்குள்ளயும் ஒரே சரக்குப் பட்டியல்தான் அப்பா. சுமார் இருபதாயிரம் அயிட்டம். தோலுக்கும் அதே பட்டியல், கண்ணுக்கும் அதே பட்டியல். ஆனா தோல் செல்லு கண்ணுக்கான சரக்கை வெளியே எடுக்காது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ பட்டியலைப் பார்த்து ஒண்ணும் ஆவாது மக்ளே. சிட்டையைப் பார்க்கணும்."

அவ்வளவுதான் விஷயம். பேரேட்டில் எல்லாம் இருக்கும். அன்றைக்கு என்ன சரக்கு, எவ்வளவு வெளியே போனது என்று காட்டுவது சிட்டை. செல்லுக்குள் ஒரு மரபணு வேலை செய்யும்போது அதன் நகல் ஒன்று சீட்டுபோல வெளியே வருகிறது. தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். எந்த மரபணுவின் சீட்டு எத்தனை என்று எண்ணினால் அந்தச் செல் என்ன வியாபாரம் செய்கிறது என்று தெரிந்துவிடும். பெயர்ப்பலகை ஒன்றாக இருக்கும் இரண்டு கடைகளின் சிட்டையைப் புரட்டினால் ஒன்று சுக்குக் கடை, மற்றது கள்ளக்கடத்தல் என்று புரிவதுபோல.

ஆயிரக்கணக்கான மரபணுக்களின் சீட்டுகளை ஒரே நேரத்தில் எண்ண 1990-களுக்கு முன் வழியில்லை. 1995-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிரவுனின் குழு ஒரு கண்ணாடிச் சில்லில் மரபணுத் துணுக்குகளைப் பொட்டுப் பொட்டாக வைத்து, எந்தப் பொட்டு எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்தது. முதலில் அளந்தது வெறும் 45 மரபணுக்களை, அதுவும் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியில். மகளுக்கு இந்த இடத்தில் ஒரு தாவரவியல் பெருமிதம்.

1999-ல் பாஸ்டனில் டாட் கோலபும் சகாக்களும் 38 ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை இப்படி ஆராய்ந்தார்கள். நோயின் இரண்டு ரகங்களையும் மருத்துவர்களின் உதவியின்றி சிட்டையே பிரித்துக் காட்டியது. 2000-ல் மெலனோமாவின் முறை வந்தது. அமெரிக்காவில் மைக்கேல் பிட்னரும் ஜெஃப்ரி ட்ரெண்டும் மற்றவர்களும் 31 மெலனோமாக்களில் ஏறக்குறைய ஏழாயிரம் மரபணுக்களை அளந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 19 கட்டிகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்தன. அந்தக் கூட்டத்து செல்களுக்கு ஊர்ந்து பரவும் வேகம் குறைவு. அவற்றில் டபிள்யூ.என்.டி.5ஏ என்ற மரபணு அடங்கியிருந்தது. அது துள்ளும் செல்கள் ஊடுருவும் செல்கள். நுண்ணோக்கியில் தெரியாத ரகம் முதல்முறையாகத் தெரிந்தது. ஆனால் 31 பேரை வைத்துக்கொண்டு யார் பிழைப்பார் என்று சொல்ல முடியாது.

2015-ல் இன்னும் பெரிய படம் கிடைத்தது. புற்றுநோய் மரபணுத் தொகுப்பு வரைபடம் என்ற அமெரிக்கத் திட்டம் 333 மெலனோமாக்களை ஆராய்ந்து, சிட்டையின்படி மூன்று ரகம் என்றது. ஒன்றில் நோய் எதிர்ப்புச் செல்களின் நடமாட்டம் அதிகம், அவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள். இன்னொன்றில் கெரட்டின் மரபணுக்கள் ஓங்கியிருந்தன, அவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். மூன்றாவதில் நிறமி செல்களின் தலைமை மரபணுவே மங்கியிருந்தது.

இதற்குள் சந்தையும் விழித்துக்கொண்டது. கட்டியிலிருந்து 31 மரபணுக்களை அளந்து 'ஆபத்து குறைவு', 'ஆபத்து அதிகம்' என்று பிரிக்கும் சோதனை 2013 முதல் அமெரிக்காவில் விற்பனையாகிறது. சந்தேகமான மச்சத்தின்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி உரித்து, அதில் ஒட்டி வரும் செல்களில் இரண்டு மரபணுக்களை மட்டும் பார்க்கும் சோதனையும் உண்டு. கத்தி வேண்டாம், தையல் வேண்டாம்.

மகள் ஒரு நோட்டு நிறையக் குறிப்பெடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். பணம் கடன் வாங்கியாவது அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்பது அவள் திட்டம். அப்பாவும் கூடவே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, 31 மரபணு சோதனையை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யலாம் என்று 2020-களின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவின் முக்கிய மருத்துவ வழிகாட்டிகள் ஏற்கவில்லை. ஆழமும் நிணநீர் முடிச்சும் சொல்வதற்கு மேல் அது எவ்வளவு சொல்கிறது என்பதில் சர்ச்சை இருக்கிறது. இரண்டு, ஸ்டிக்கர் சோதனை உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் நகத்துக்கும் உரியதல்ல. அங்கே ஒட்டக் கூடாது என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். மூன்று, அந்த 333 கட்டிகளைத் தந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர்கள். உள்ளங்காலில் கட்டி வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி.

அறையில் சற்று நேரம் பேச்சில்லை. அவர்தான் பேசினார். "அப்போ நம்ம சரக்கு அவங்க பட்டியல்லயே ஏறலை."

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளங்கால் ரகம் வேறு ஜாதி என்பது 2005-லேயே நிரூபணமான விஷயம். அந்த ஆண்டு 126 மெலனோமாக்களை ஒப்பிட்ட ஆய்வு, வெயிலால் வருவதன் மரபணுச் சேதமும் உள்ளங்காலில் வருவதன் சேதமும் வெவ்வேறு என்று காட்டியது. 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 2011-ல் மருந்தும் வந்த 'பி-ராஃப்' மரபணுப் பிழை மற்ற மெலனோமாக்களில் பரவலாக உண்டு. உள்ளங்கால் ரகத்தில் குறைவு. ஜேம்ஸ் அலிஸனுக்கும் தாஸுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த நோய் எதிர்ப்பு சிகிச்சை மெலனோமாவில் புரட்சியே செய்தது. உள்ளங்கால் ரகத்தில் அந்தப் புரட்சி பாதி வழியில் நிற்கிறது. ஏன் என்பதற்கு அண்மையில்தான் விடை தெரிய ஆரம்பித்திருக்கிறது. 2020-க்குப் பிறகு சீனாவிலும் அமெரிக்காவிலும் கட்டியைத் தனித்தனி செல்லாகப் பிரித்து ஒவ்வொன்றின் சிட்டையையும் வாசித்தவர்கள், இந்த ரகத்துக்குள் எதிர்ப்புச் செல்கள் குறைவாகவே நுழைகின்றன, நுழைந்தவையும் சோர்ந்து கிடக்கின்றன என்று கண்டார்கள். மெக்சிகோவிலும் உள்ளங்கால் மெலனோமாவை மட்டும் எடுத்து ஆராய்கிறார்கள்.

வரைபடத்தில் நம் ஊர் இல்லை என்றால் வரைந்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சிட்டையைப் படிக்கக் கட்டி வேண்டும். தூது ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். வெட்டியெடுத்த சிறிது நேரத்திலேயே உறையவைக்க வேண்டும். நோயாளி சம்மதிக்க வேண்டும். அபூர்வமான நோய் என்பதால் ஒரு மருத்துவமனைக்கு வருடத்துக்கு ஒரு சிலரே வருவார்கள். பல ஊர்கள் கைகோத்தால்தான் நூறு சேரும். சீவி எடுத்ததைக் குப்பையில் போடும் இடத்தில் எந்த வரைபடமும் பிறக்காது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் அவரிடம் இரண்டு படிவங்கள் வந்தன. முதலாவது அறுவைக்கான சம்மதம். அதில் உடனே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது, கட்டியின் ஒரு துண்டை ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கலாமா என்று கேட்டது. ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அச்சாகியிருந்தது. மகள் வரிவரியாகத் தமிழில் சொன்னாள்.

அவர் தயங்கினார். "என் காலைத்தான் வெட்டுறாங்க. அதையும் ஃபிரிட்ஜ்ல வச்சிருக்கணுமா?" மனைவிக்கு அது அபசகுனமாகப் பட்டது. "வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். இதனால் தன் சிகிச்சையில் ஏதாவது மாறுமா என்று டாக்டரிடம் கேட்டார் அவர். ஒன்றும் மாறாது என்றார் டாக்டர். பலன் எப்போது கிடைக்கும்? சொல்ல முடியாது. பத்து வருடமாகலாம். உங்களுக்கு எதுவும் கிடைக்காமலேயும் போகலாம்.

படிவம் ராத்திரி முழுக்கத் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. விடியற்காலையில் மகளை எழுப்பி, "பேனா கொடு" என்றார். "சாம்பிள் காட்டாம யாரு மக்ளே சரக்கை ரகம் பிரிப்பான்?" மலையாளப் படிவத்தின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

குதிகாலின் ஒரு பகுதியை அகலமாக வெட்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நோய் முதலில் எட்டிப்பார்க்கும் நிணநீர் முடிச்சையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். அது சுத்தமாக இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் முழுச் செய்தி அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். தன் கட்டி எந்த ரகம் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் வேறொன்றைக் கற்றுக்கொண்டார். ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருவது. உள்ளங்கால் ரேகைகளுக்கு மேடும் பள்ளமும் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாதாரண மச்சத்தின் கருமை பெரும்பாலும் பள்ளங்களில் படிந்திருக்கும். மெலனோமாவின் கருமை மேடுகளில் படியும். ஏழு மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதற்கு ஆர்.என்.ஏ. வேண்டாம், அமெரிக்கா வேண்டாம். ஒரு லென்ஸும் காலைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் போதும்.

2023 புரட்டாசியில் நவராத்திரி வந்தது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி யானைமேல் வர, சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் உடன்வருவது மன்னர் காலத்து வழக்கம். எல்லை மாறிய பிறகும் நிற்கவில்லை. ஊர்வலம் ஒன்றாக வந்தாலும் மூவருக்கும் தனித்தனி இருப்பிடம். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை, குமாரசுவாமிக்கு ஆரியசாலை அம்மன் கோயில். தக்கலைப் பக்கத்துச் சாமி தன் தெருவுக்கே வந்து தங்குவதால் அவர் வருடா வருடம் கரமனைவரை வெறுங்காலில் போய் எதிர்கொண்டு கூடவே நடந்து வருவார். அந்த வருடம் போகவில்லை. மெத்தை வைத்த செருப்போடு கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாமி கடந்து போகும்போது எழுந்து நின்று கும்பிட்டார்.

கூட்டம் கலைந்தபின், தரையில் ரத்தத் தடத்தை முதலில் பார்த்த அந்தச் சுமைத் தொழிலாளி தயங்கியபடி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, எனக்கும் பெருவிரலுக்குக் கீழே கறுப்பா ஒண்ணு இருக்கு. பார்த்துச் சொல்லுதியளா?"

அவர் மேஜை டிராயரிலிருந்து டார்ச்சையும், ஏலக்காய் தரம் பார்க்கும் லென்ஸையும் எடுத்தார். மூட்டைமேல் காலை வைக்கச் சொல்லி வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் டாக்டரின் ஓ.பி. நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார்.

"எனக்கு ரகம் சொல்லத் தெரியாதுடே. நாளைக்கு லோடு கிடக்கட்டும், நீ முதல்ல அங்க போ. சீவச் சொல்லாத. எடுத்தா, எடுத்ததை எங்க அனுப்புறாங்கன்னு கேளு."